இரட்டித்தால் இழப்பு மீளுமா?

சென்ற மாதம் ஒரு மாலை, என்னிடம் மூன்று ஆண்டுகள் இயற்பியல் பயின்ற பழைய மாணவர் ஒருவர் மேல்சித்தாமூரில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கையில் எட்டுப் பக்கங்கள் கொண்ட ஒரு குறிப்பு. செல்பேசி வழியே பங்குச் சந்தைப் பேரம் செய்யக் கற்றுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கிய ஒரு வகுப்பில் கொடுத்தது அது.

"சார், பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். இதில் கணக்கு எங்கே தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

போனது எவ்வளவு என்று நான் கேட்காமலே பிறகு சொன்னார். 63,000 ரூபாய். அதில் ஒரு பகுதி அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கியது. முதல் 31 நாட்கள் ஒரு நாளும் தவறாமல் ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது. வந்ததை அவ்வப்போது எடுத்து வீட்டுச் செலவுக்கும் ஒரு புதுச் செல்பேசிக்கும் கொடுத்திருக்கிறார். முப்பத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்குத் தொடங்கிய பேரம் பிற்பகல் மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது.

"ஆயிரம் முறை நாணயத்தைச் சுண்டினால் தலையும் பூவும் சமமாக வரும் என்று நீங்கள்தானே சார் வகுப்பில் சொன்னீர்கள்?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. நூலைத் திறனாய்வு செய்வது போல அந்த எட்டுப் பக்கக் குறிப்பைத் திறனாய்வு செய்யும் எண்ணம் அப்போதுதான் வந்தது. குறிப்பை மட்டுமல்ல, நான் நடத்திய பாடத்தையும் சேர்த்துத்தான்.

குறிப்பு சொல்வது என்ன?

குறிப்பில் மூன்று போதனைகள் உள்ளன. முதலாவது: ஒரு பேரத்தில் தோற்றால் அடுத்த பேரத்தின் அளவை இரட்டிக்க வேண்டும். என்றாவது ஒரு முறை ஜெயித்தே தீருவோம். அந்த ஒரு வெற்றி முந்தைய இழப்பு அனைத்தையும் ஈடுகட்டி லாபத்தையும் தரும். இரண்டாவது: சராசரியில் லாபம் தரும் முறை ஒன்று கையில் இருந்தால் பேரத்தை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவுக்கு லாபமும் பெரிதாகும். மூன்றாவது: குறுகிய காலப் பேரத்தில் அபாயம் குறைவு, ஆகவே அளவைத் துணிந்து கூட்டலாம்.

மூன்றும் கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கின்றன. நிகழ்தகவு, சராசரி, காலம் என்ற சொற்கள் எல்லாம் வருகின்றன. இவற்றில் சோதிடமோ ராசிபலனோ இல்லை. அதனால்தான் படித்த பிள்ளைகள் எளிதில் நம்புகிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்து எடை போட்டுப் பார்ப்போம்.

நாணயத்துக்கு நினைவு உண்டா?

மாணவர் செய்த பேரம் இதுதான். காலாவதி நாளை நெருங்கிய மலிவான ஆப்ஷன் ஒன்றை ஆயிரம் ரூபாய்க்கு வாங்குவார். கொடுத்த பணம் இரட்டித்தால் விற்றுவிட்டு வெளியேறுவார். கரைந்து போனால் அடுத்ததை இரண்டாயிரத்துக்கு வாங்குவார். பிறகு நாலாயிரம், எட்டாயிரம் என்று போகும். தரகையும் வரியையும் ஒதுக்கிவிட்டால், நியாயமான விலையில் வாங்கிய இத்தகைய பேரம் ஏறத்தாழப் பூவா தலையா ஆட்டத்துக்குச் சமம்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். ஐந்து முறை தொடர்ந்து பூ விழுந்துவிட்டது. ஆறாவது முறை தலை விழும் வாய்ப்புக் கூடுமா? கூடாது. உலோகத் துண்டுக்கு முன்பு விழுந்தது நினைவில் இருப்பதில்லை. ஆறாவது முறையும் பாதிக்குப் பாதிதான்.

அப்படியானால் "நீண்ட நேரம் சுண்டினால் சமமாகும்" என்பது பொய்யா? இல்லை, அரைகுறையாகச் சொல்லப்பட்ட உண்மை. 100 முறை சுண்டினால் தலைக்கும் பூவுக்கும் இடையே ஏறக்குறைய 10 வேறுபாடு இருப்பது இயல்பு. 10,000 முறை சுண்டினால் வேறுபாடு ஏறக்குறைய 100. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல அது வளர்கிறது. விழுக்காட்டில் பார்த்தால் 10 விழுக்காடு 1 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. எண்ணிக்கையில் பார்த்தால் 10 என்பது 100 ஆக வளர்ந்துவிட்டது. சமமாவது விகிதம், வேறுபாடு சமமாவதில்லை, விரிகிறது. பணமோ விகிதத்தில் போவதில்லை, எண்ணிக்கையில் போகிறது. வகுப்பில் நான் முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. அது என் பிழை.

ஆயிரம் ரூபாய்க்காக அறுபத்து மூவாயிரம்

இரட்டிப்பு முறை புதியதல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டுச் சூதாட்டக் கூடங்களில் 'மார்ட்டிங்கேல்' என்ற பெயரில் வழங்கியது. இதைப் பென்சிலும் தாளும் கொண்டே ஆராய்ந்துவிடலாம்.

ஆறு படிகள் வரை இரட்டிக்கும் பணம் உங்களிடம் இருப்பதாகக் கொள்ளுங்கள். 1, 2, 4, 8, 16, 32 ஆயிரங்கள். கூட்டினால் 63 ஆயிரம். ஆறு முறையும் தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 64இல் ஒன்று. ஆக, 64 சுற்றுகளில் சராசரியாக 63 சுற்றுகள் ஆயிரம் ரூபாய் லாபம் தரும். ஒரு சுற்று 63,000 ரூபாயைப் பறிக்கும். 63 ஆயிரம் வந்தது. 63 ஆயிரம் போனது. மிச்சம் பூஜ்யம்.

படிகளைப் பத்தாக உயர்த்தினால் என்ன? பத்து முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 1024இல் ஒன்று. அப்போது இழப்பு 10,23,000 ரூபாய். 1023 முறை ஆயிரம் ரூபாய் வந்தாலும் அந்த ஒரு முறை அத்தனையும் போய்விடும். மிச்சம் மீண்டும் பூஜ்யம். எத்தனை படிகள் வைத்தாலும் விடை மாறுவதில்லை. இரட்டிப்பு முறை இழப்பை ஒழிப்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக வரவேண்டிய இழப்புகளைச் சேர்த்துக் கட்டி ஒரே நாளில் இறக்குகிறது, அவ்வளவே. தரகும் வரியும் சேர்ந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அவை பேரத்தின் அளவோடு ஏறக்கூடியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த ஒரு நாள் எப்போது வரும்? நாளைக்கு ஒரு சுற்று என்று ஆடினால், ஆறு படிக்காரருக்கு 44 வணிக நாட்களுக்குள், அதாவது ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்குள், அது வந்துவிடும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. நம் மாணவரிடம் இருந்தது 60,000. ஐந்து தோல்விகளில் 31,000 போயிற்று. மீதி 29,000. ஆறாவது படிக்கு வேண்டியதோ 32,000. குறைந்த மூவாயிரத்தை நண்பரிடம் கடன் வாங்கிப் போட்டார். நாணயம் மீண்டும் பூவாகவே விழுந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த முறையில் 31 நாட்கள் தோல்வியே இல்லாமல் தாண்டும் வாய்ப்பு 100க்கு 61. நூறு பேர் சேர்ந்து இந்த வகுப்பில் பயின்றால் ஒரு மாதத்துக்குப் பின் 61 பேர் "ஒரு நாள்கூடத் தோற்கவில்லை" என்று உண்மையாகவே சொல்வார்கள். அவர்களுடைய சாட்சியம் பொய்யல்ல. ஆனால் அது முறையின் சிறப்புக்குச் சான்றும் அல்ல. மீதி 39 பேர் பேசுவதற்கு மேடை இல்லை.

ஜெயிக்கும் ஆட்டத்திலும் தோற்கலாம்

இரண்டாவது போதனை இதைவிட நுட்பமானது. "என் முறை நாணயம் சுண்டுவதல்ல, சராசரியில் லாபம் தருவது" என்று ஒருவர் சொல்லலாம். அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு சோதிப்போம்.

ஓர் ஆட்டம். தலை விழுந்தால் நீங்கள் வைத்த பணத்தில் 50 விழுக்காடு லாபம். பூ விழுந்தால் 40 விழுக்காடு நட்டம். சராசரியாக ஒரு சுண்டலுக்கு 5 விழுக்காடு லாபம். யாராக இருந்தாலும் நல்ல ஆட்டம் என்றே சொல்வார்கள். கையில் உள்ளதை முழுவதும் வைத்து நான்கு பேர் இரண்டு முறை ஆடட்டும். ஒவ்வொருவருக்கும் 100 ரூபாய். வரக்கூடிய நான்கு விதங்களும் ஒவ்வொருவருக்கு ஒன்றாக வாய்த்ததாகக் கொள்வோம்.

இரு முறையும் தலை விழுந்தவரிடம் 225 ரூபாய். தலையும் பூவும் விழுந்தவரிடம் 90. பூவும் தலையும் விழுந்தவரிடமும் 90. இரு முறையும் பூ விழுந்தவரிடம் 36. மொத்தம் 441 ரூபாய். சராசரி 110 ரூபாய் 25 காசு. சராசரி உயர்ந்துவிட்டது. ஆனால் நால்வரில் மூவர் நட்டத்தில் இருக்கிறார்கள்!

ஆட்டத்தை 20 முறை நீட்டினால் சராசரி 265 ரூபாய் ஆகும். ஆனால் பத்துத் தலையும் பத்துப் பூவும் விழுந்த சாதாரண மனிதரின் கையில் 34 ரூபாய் 87 காசுதான் இருக்கும். சராசரியை உயர்த்திக் காட்டுவது நிறையத் தலை விழுந்த ஒரு சிலரின் பெருஞ்செல்வம். அந்தச் சராசரியை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

இயற்பியல் மாணவர்களுக்கு இது பழக்கமான செய்திதான். வாயுவின் இயக்கக் கொள்கையில், ஒரு கணத்தில் எல்லா மூலக்கூறுகளுக்கும் எடுத்த சராசரியும், ஒரே மூலக்கூறை நெடுநேரம் தொடர்ந்து எடுத்த சராசரியும் ஒன்றே என்று கொள்கிறோம். போல்ட்ஸ்மன் காலத்திலிருந்து இது ஆராயப்பட்டு வரும் கருத்து. ஆனால் செல்வம் பெருகுவதும் தேய்வதும் பெருக்கலால் நடப்பவை. அங்கே இந்த இரண்டு சராசரிகளும் ஒன்றல்ல. இயற்பியல் அறிஞர் ஓலே பீட்டர்ஸ் 2019இல் 'நேச்சர் ஃபிசிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை பொருளியலில் இந்தக் குழப்பம் நேர்வதைத்தான் எடுத்துக் காட்டியது.

நம் ஊர்ப் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். செஞ்சி ராஜகிரியின் உச்சிக்கோட்டைக்குள் நுழையும் முன் ஆழமான பாறைப் பிளவு ஒன்று உண்டு. அதைப் பாலத்தின் மேல் கடந்தாக வேண்டும். அங்கே பாலத்துக்குப் பதில் ஓர் ஆட்டங்கண்ட பலகை கிடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். கடப்பவரில் நூற்றுக்கு ஒருவர் தவறி விழுவார். நூறு பேர் ஒவ்வொரு முறை கடந்தால் 99 பேர் பிழைப்பார்கள். ஒருவரே நூறு முறை கடந்தால்? அவர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 100க்கு 37 கூட இல்லை. "நூற்றுக்கு ஒன்றுதானே" என்பது நூறு பேருக்குச் சொல்லும் கணக்கு. நாள்தோறும் பேரம் செய்பவர் நூறு பேர் அல்லர். அவர் ஒரே ஆள்.

இப்போது அளவுக்கு வருவோம். அதே ஆட்டம், அதே நாணயம். கையிருப்பு முழுவதையும் வைக்காமல் ஒரு பங்கை மட்டும் வைத்தால் என்ன ஆகும்? ஒரு தலை, ஒரு பூ விழுந்த பின் 100 ரூபாய் என்னவாகிறது என்று பாருங்கள்.

முழுவதையும் வைத்தவருக்கு 90 ரூபாய்.
முக்கால் பங்கு வைத்தவருக்கு 96 ரூபாய் 25 காசு.
பாதி வைத்தவருக்குச் சரியாக 100 ரூபாய்.
கால் பங்கு வைத்தவருக்கு 101 ரூபாய் 25 காசு.
பத்தில் ஒரு பங்கு வைத்தவருக்கு 100 ரூபாய் 80 காசு.

பாதிக்கு மேல் வைத்தவர் அழிகிறார். பாதிக்குக் கீழே வைத்தவர் வளர்கிறார். கால் பங்கில் வளர்ச்சி உச்சம். அதற்கு மேல் அளவைக் கூட்டக் கூட வளர்ச்சி குறைந்து, பின் தேய்வாக மாறுகிறது. நூறு முறை சுண்டி 50 தலையும் 50 பூவும் விழுந்தால், கால் பங்குக்காரரின் 100 ரூபாய் 186 ஆகும். முழுப் பங்குக்காரரிடம் மிஞ்சுவது 52 காசு. ஆட்டம் ஒன்றே, அளவு மட்டுமே வேறு.

இந்த உச்ச அளவைக் கணக்கிடும் வழியை 1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி வெளியிட்டார். அவரும் இயற்பியல் பயின்றவர்தான். கெல்லியின் முறையில் கையிருப்பு வளர்ந்தால் பேரத்தின் அளவு வளரும். கையிருப்புத் தேய்ந்தால் அளவும் தேயும். குறிப்பின் முதல் போதனை இதற்கு நேர் எதிர்: கையிருப்புத் தேயும்போது அளவைப் பெருக்கச் சொல்கிறது.

குறுகிய காலம், பெரிய இரைச்சல்

மூன்றாவது போதனை, காலம் குறைந்தால் அபாயம் குறையும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அரைமணி நேரத்தில் விலை அசைவது ஓராண்டில் அசைவதைவிடக் குறைவுதான். ஆனால் எதனோடு ஒப்பிட்டுக் குறைவு என்று கேட்க வேண்டும்.

பாரிசில் 1900ஆம் ஆண்டு லூயி பஷெலியே தம் ஆய்வேட்டில் சந்தை விலைகளின் அசைவைத் தற்செயல் நடையாகக் கணக்கிட்டுக் காட்டினார். நீரில் மிதக்கும் நுண்துகளின் பிரவுனியன் அசைவுக்கு ஐன்ஸ்டைன் 1905இல் அதே வகைக் கணக்கைத் தந்தார். இத்தகைய அசைவு காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும். நிலையான போக்கோ காலத்தைப் பொறுத்தே நேராக வளரும்.

கணக்குக்காக ஒரு குறியீட்டெண் ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்வதாகவும், அதன் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 16 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வணிக நாட்கள் ஏறக்குறைய 250. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16. ஆகவே ஒரு நாளின் ஏற்ற இறக்கம் 1 விழுக்காடு. ஒரு நாளின் வளர்ச்சி 12ஐ 250ஆல் வகுத்தால் 0.048 விழுக்காடு. ஆண்டுக் கணக்கில் வளர்ச்சி இரைச்சலின் முக்கால் பங்கு. நாள் கணக்கில் அது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. காலத்தைச் சுருக்கச் சுருக்க நாம் கேட்க விரும்பும் குரல் அமிழ்ந்து இரைச்சல் மட்டுமே மிஞ்சுகிறது. பேரத்துக்குப் பேரம் கட்டும் செலவு மட்டும் சுருங்குவதில்லை. அந்த இரைச்சலின் மேல்தான் அளவைக் கூட்டச் சொல்கிறது குறிப்பு.

படித்தவர்களும் விழுந்த குழி

"கணக்குத் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள்" என்று எண்ண வேண்டாம். 1762இல் தொடங்கிய லண்டன் பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர், தோற்ற பேரங்களை 88888 என்ற எண்ணுடைய கணக்கில் மறைத்து வைத்து, இழப்பை மீட்பதற்காக அளவைப் பெருக்கிக்கொண்டே போனார். ஜப்பானியப் பங்குக் குறியீடு ஏறும் என்பது அவர் நம்பிக்கை. 1995 ஜனவரி 17இல் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது, சந்தை சரிந்தது. அவர் நிறுத்தவில்லை, இன்னும் பெருக்கினார். அடுத்த மாதம் வங்கி வீழ்ந்தது. இழப்பு 82.7 கோடி பவுண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற வங்கி ஒரு பவுண்டுக்கு விலைபோனது. எந்த வங்கியின் கையிருப்புக்கும் எல்லை உண்டு. இரட்டிப்புத் தொடருக்கு இல்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் 'லாங் டேர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட்' என்ற முதலீட்டு நிதி வீழ்ந்தது. அதன் பங்குதாரர்களில் இருவர், மெர்ட்டனும் ஷோல்சும், 1997இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். சொந்த முதலைப்போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் கடன் வாங்கிப் பேரம் நடத்திய அந்த நிதியை 1998 செப்டம்பரில் வங்கிகள் கூடி 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்த நிதியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டூவி என்பவருடன் சேர்ந்து பின்னாளில் ஓர் எளிய சோதனை நடத்தினார். முடிவை 2016இல் வெளியிட்டார்கள். நிதித்துறை மாணவர்களும் இளம் பணியாளர்களுமாக 61 பேர். ஆளுக்கு 25 டாலர். நாணயத்தில் தலை விழும் வாய்ப்பு 60 விழுக்காடு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அரைமணி நேரம் ஆடலாம். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தலைக்கு வைத்தாலே போதும் என்பது கெல்லியின் கணக்கு. நடந்தது என்ன? 28 விழுக்காட்டினர் கையில் இருந்த அத்தனையையும் இழந்தார்கள். 18 பேர் ஒரே சுண்டலில் முழுக் கையிருப்பையும் வைத்திருந்தார்கள். வெற்றி வாய்ப்பு உறுதியாகத் தம் பக்கம் உள்ள ஆட்டத்திலேயே இந்த நிலை என்றால், வாய்ப்பு எந்தப் பக்கம் என்றே தெரியாத சந்தையில் என்ன ஆகும்?

நம் நாட்டுக் கணக்கு

அதற்கும் விடை இருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' வாரியம் 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் முன்பேரச் சந்தையில், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில், ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93 விழுக்காட்டினர் நட்டம் அடைந்தார்கள். செலவுகளையும் சேர்த்தால் ஆளுக்குச் சராசரி நட்டம் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அதிகம் இழந்த 3.5 விழுக்காட்டினர் மட்டும் ஆளுக்குச் சராசரியாக 28 லட்சம் இழந்தார்கள். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவரே.

இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று தெரிவித்தவர்கள். 72 விழுக்காட்டினர் முதல் முப்பது பெருநகரங்களுக்கு வெளியே வாழ்பவர்கள். அதாவது செஞ்சி, திண்டிவனம் போன்ற ஊர்க்காரர்கள். 30 வயதுக்குட்பட்டோரின் பங்கு 2022-23இல் 31 விழுக்காடு. மறு ஆண்டே 43 விழுக்காடு. நட்டம் அடைந்தவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இழந்த பின்னும் விடவில்லை. என் மாணவர் தனி ஆள் அல்லர் என்பது புரிகிறதல்லவா?

அதே வாரியம் 2024 ஜூலையில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்பவர்களைப் பற்றியது. 2022-23இல் அவர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டம் கண்டார்கள். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் பேரம் செய்தவர்களிடையே அது பத்துக்கு எட்டு. பழகப் பழகத் தேர்ச்சி வரும் என்பது நாதசுரத்துக்கும் நீச்சலுக்கும் பொருந்தும். இரைச்சலைப் பார்த்துப் பழகுவதால் தேர்ச்சி வருவதில்லை.

2024 அக்டோபரில் வாரியம் சில கட்டுப்பாடுகளை அறிவித்தது. குறியீட்டெண் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 5 முதல் 10 லட்சம் என்பதிலிருந்து 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. வாரந்தோறும் காலாவதியாகும் ஒப்பந்தங்கள், சந்தைக்கு ஒரு குறியீட்டெண்ணுக்கு மட்டும் என்று குறைக்கப்பட்டன. சிறியவர்களை விலக்கி நிறுத்துவது நோக்கம். இதில் நான் காணும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். விலகாமல் நிற்கும் சிறியவர், முன்பு வைத்ததைவிடப் பெரிய பேரத்தையே வைக்க வேண்டியவராகிறார். கையிருப்பில் பங்கு எவ்வளவு என்பதே உயிர்நாடி என்று மேலே கண்டோம். ஒப்பந்தத்தின் அளவை உயர்த்துவது வாசலைக் குறுக்குகிறது. உள்ளே நுழைந்துவிட்டவரின் அபாயத்தைக் குறைப்பதில்லை. கட்டுப்பாடுகள் ஆண்டின் நடுவில்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கின என்றாலும், 2024-25இல் தனிநபர்களின் நிகர நட்டம் 1,05,603 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 74,812 கோடி. நட்டம் அடைந்தோர் 91 விழுக்காடு.

குறிப்பில் நல்லது ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. ஒவ்வொரு பேரத்தையும் நோட்டில் எழுதி வை என்கிறது, நல்ல பழக்கம். இழப்புக்கு ஓர் எல்லை வைத்து வெளியேறு என்கிறது, அதுவும் நல்லதே. ஆனால் ஒரு பக்கத்தில் எல்லை வைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அளவை இரட்டிக்கச் சொல்வதால் அந்த எல்லை பொருளற்றுப் போகிறது. கிணற்றுக்குச் சுவர் எழுப்பிவிட்டுச் சுவர் மேல் ஏறி நடக்கச் சொல்வது போல.

எல்லை வைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. தமிழ்ச் சமணரின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் உள்ள ஊர் இது. இவ்வளவுக்கு மேல் பொருள் சேர்ப்பதில்லை என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொள்வது சமண இல்லறத்தாரின் விரதங்களில் ஒன்று. அது அறத்துக்காக ஏற்பட்டது. நான் சொல்வது வெறும் கணக்கு. ஆனாலும் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன: வரம்பை ஆட்டம் தொடங்கும் முன்பே கட்ட வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும்போது கட்டப்படும் வரம்பு எப்போதும் ஒரு மூவாயிரம் தள்ளியே நிற்கும்.

செலவில்லாத சோதனை

நான் சொன்னதை நம்ப வேண்டாம். நீங்களே செய்து பாருங்கள். 63 புளியங்கொட்டைகளை எண்ணி வையுங்கள். ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. ஒரு கொட்டையில் தொடங்குங்கள். ஜெயித்தால் ஒரு கொட்டை லாபம், சுற்று முடிந்தது. தோற்றால் இரட்டியுங்கள். ஆறு முறை தொடர்ந்து தோற்றால் ஆட்டம் ஓய்ந்தது. வந்த லாபத்தைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். வகுப்பில் முப்பது மாணவர்களை ஆளுக்கு 44 சுற்றுகள் ஆடச் சொல்லுங்கள். ஏறக்குறைய பாதிப் பேர் "அருமையான முறை" என்பார்கள். மீதிப் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முப்பது பேரின் கொட்டைகளையும் ஒன்றாகக் கொட்டி எண்ணிப் பாருங்கள். சில சமயம் கூடும், சில சமயம் குறையும். பல வகுப்புகளின் சராசரியில் தொடங்கிய எண்ணிக்கையே வந்து நிற்கும்.

இந்த ஆண்டிலிருந்து நிகழ்தகவுப் பாடத்தை நான் இந்தச் சோதனையோடுதான் நடத்துகிறேன். அன்று திண்ணையில் அந்த மாணவரும் நானும் அதை ஆடிப் பார்த்தோம். பத்தொன்பதாவது சுற்றில் அவருடைய கொட்டைகள் தீர்ந்தன. நாணயத்தைக் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறிப்பை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வேலைக்கு நேர்முகம் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். வளையலை மீட்க ஓராண்டு ஆகும் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்கைச் சரிபார்த்தேன், அதில் தப்பில்லை.